இரும்புத் தாங்கி நீங்கலாக

திண்டுக்கல் நீதிமன்றத்தில் அமீனாவாக இருந்து ஓய்வு பெற்றேன் என்று சொன்னால், புதிதாகப் பழகுகிறவர்கள் முதலில் என் மேலுதட்டைப் பார்ப்பார்கள். அமீனா என்றால் மீசை இருக்க வேண்டும் என்பது இந்த ஜில்லாவின் பொது நம்பிக்கை. வாரண்டோடு ஒரு வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டினால், திறந்தவர் என்னைத் தாண்டித் தெருவைப் பார்த்து, "அமீனா எங்கம்மா?" என்று கேட்பார். "நான்தான்" என்பேன். அந்த ஒரு நிமிட அதிர்ச்சியில் பாதி வேலை முடிந்துவிடும். அரசு இதற்கென்று தனிப்படி எதுவும் கொடுத்ததில்லை.

போன மாதம் ஒரு சான்றொப்பத்துக்காக நீதிமன்ற வளாகத்துக்குப் போயிருந்தேன். இப்போது வேலையில் இருக்கிற இரண்டு அமீனாக்கள் டீக்கடைக்கு இழுத்துப் போனார்கள். வாரண்டெல்லாம் இப்போது கணினியிலிருந்து அச்சாகி வருகிறதாம். சொத்து விவரப் பட்டியலைப் பின்னால் பின் குத்திக் கொடுத்துவிடுகிறார்களாம். "முன்ன நீங்கள்லாம் பட்டியலைக் கையாலேயே பாத்து எழுதுவீங்களாமே? எதுக்கும்மா அந்த வேண்டாத வேலை?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர், "அந்தச் சிங்கப்பூர் கேசைச் சொல்லுங்கம்மா" என்றார். இரண்டுக்கும் ஒரே பதில்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது. டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற கதை இல்லை என்பதால் எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. வரலாற்றில் எம்.ஏ. முடித்துவிட்டு, தேர்வெழுதி, நியமன உத்தரவோடு வந்து நின்றேன். மூன்று நாள் ஒரு மூத்த அமீனாவின் பின்னால் நடந்தேன். நாலாவது நாள் அவர் விடுப்பில் போய்விட்டார். பயிற்சி இனிதே நிறைவுற்றது. மீதியைச் சனங்கள் சொல்லிக் கொடுத்தார்கள்.

அய்யலூர்ப் பக்கம் ஒருவரின் இருபத்திரண்டு ஆடுகளை ஜப்தி செய்து, பக்கத்துத் தோட்டக்காரர் பொறுப்பில் விட்டு வந்தேன். ஏலத்தன்று எண்ணினால் இருபத்து நான்கு. இரண்டு குட்டி. நீதிபதி கண்ணாடியை இறக்கி, "என்னம்மா, ஜப்தி பண்ணின சொத்து கூடலாமா?" என்று கேட்டார். "குறையக் கூடாதுன்னுதாங்கய்யா விதி இருக்கு" என்றேன். குட்டிகள் யாருக்குச் சேரும் என்று இரண்டு வக்கீல்கள் அரை நாள் வாதாடினார்கள். அதற்குள் குட்டிகள் நீதிமன்றத் தோட்டத்துச் செம்பருத்தியைத் தீர்த்து வைத்தன. இன்னொரு முறை பிரியாணிக் கடை அண்டாவை எடுக்கப் போனேன். ஒரு குடும்பத்துக்கு அவசியமான சமையல் பாத்திரத்தை ஜப்தி செய்யக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. கடைக்காரர் அதைத் தெரிந்து வைத்திருந்தார். "இருநூறு பேருக்குச் சமைக்கிற அண்டா உங்க குடும்பப் பாத்திரமா பாய்?" என்றேன். "எங்க குடும்பம் பெருசும்மா" என்றார், முகத்தை மாற்றாமல்.

எங்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்து, திரும்பி வரும் அறிக்கைகளைச் சரிபார்த்து, நீதிபதிக்கு அனுப்புகிறவருக்கு நாசர் என்று பெயர். என் கடைசி ஆறு வருடங்களில் நாசராக இருந்தவர் சையது சார். என்னைவிட எட்டு வயது இளையவர். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் ஒரு சிவப்புப் பென்சில், மேசை மேல் ஒரு டம்ளர் தண்ணீர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவர் குரலைத் தாழ்த்தினால்தான் பயப்பட வேண்டும்.

எந்த அறிக்கையைக் கொடுத்தாலும் அவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "நீங்க பாத்ததா, கேட்டதா?" 'வீடு பூட்டியிருந்தது, உரிமையாளர் வெளியூர் சென்றதாகத் தெரிகிறது' என்று எழுதினால், 'தெரிகிறது' என்ற சொல்லின் கீழ் சிவப்புக் கோடு விழும். யாருக்குத் தெரிகிறது, எப்படித் தெரிகிறது, யார் சொன்னது, அவர் பெயர் என்ன என்று நாலு கேள்வி அந்தக் கோட்டுக்குள் அடங்கியிருக்கும். அவருடைய இன்னொரு பிடிவாதம்தான் கையெழுத்து. வாரண்டில் 'இணைப்பில் கண்டபடி' என்று எழுதி நகலைக் குத்திவிடக் கூடாது. போகிற அமீனாவே பட்டியல் முழுவதையும் தன் கையால் எழுத வேண்டும். "நகல் எடுக்கிற மெஷினுக்குப் படிக்கத் தெரியாது. நீங்க எழுதினா ஒரு தடவையாவது படிப்பீங்க" என்பார். பள்ளிக்கூடத்துத் தண்டனை போல இருக்கும். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கிற பெண்ணை இம்போசிஷன் எழுதச் சொல்கிற அதிகாரியைப் பற்றி நாங்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேசியதையெல்லாம் இங்கே எழுதினால் அவர் சிவப்புக் கோடு போடுவார்.

சிங்கப்பூர் விவகாரம் அந்தச் சமயத்தில்தான் வந்தது.

அகரத்தில் செல்வராணி என்று ஒரு பெண் இருந்தார். வேதியியல் படித்தவர், நாற்பதைத் தொட்டவர். மல்லிகைப் பூவிலிருந்து வாசனை மெழுகு எடுக்கிற சின்ன ஆலை ஒன்றை வைத்திருந்தார். சென்ட் செய்கிற கம்பெனிகள் வாங்குகிற மெழுகு அது. பங்குனி, சித்திரையில் இந்தப் பக்கம் மல்லி கொட்டும். மார்க்கெட்டில் விலை விழுகிற நாளில் அந்தப் பூவையெல்லாம் வாங்கிக்கொள்ள இப்படி ஓர் ஆலை இல்லையென்றால் குப்பைக்குத்தான் போகும். ஐரோப்பாவில் இருக்கிற கம்பெனி ஒன்று இவருக்கு மெஷின் கொடுத்தது. மூன்று வருடம் மெழுகு கொடுத்துக் கணக்கைக் கழித்துவிட்டால் மெஷின் இவருக்குச் சொந்தம் என்று ஒப்பந்தம். மூன்று வருடம் முடிகிற சமயத்தில், 'பழுது பார்க்க' என்று சொல்லி, கம்பெனியின் உள்ளூர் ஏஜெண்டு தனபால் மெஷினைக் கழற்றித் தன் கிட்டங்கிக்கு எடுத்துப் போனார். பழுது தீரவே இல்லை. மெழுகில் தரம் போதாது, மெஷின் எங்களுக்கே சொந்தம் என்று கம்பெனி கடிதம் எழுதியது.

தகராறு வந்தால் சிங்கப்பூரில் நடுவர் முன்னால் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. கையெழுத்துப் போடும்போது யாரும் படிக்காத வரி. சிங்கப்பூர் என்கிறோமே தவிர, செல்வராணி அகரத்தைத் தாண்டவில்லை. விசாரணை கணினித் திரையில் நடந்தது. முக்கியமான கேள்விக்கு இவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுச் சேவல் விடாமல் கூவியதாம். "அங்கே உங்களோடு இன்னொரு சாட்சி இருக்கிறாரா?" என்று நடுவர் கேட்டாராம். கடைசியில் தீர்ப்பு இவர் பக்கம். மெஷினை இவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

இங்கேதான் சனங்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். சிங்கப்பூர் நடுவர் சொல்லிவிட்டார் என்று அந்தக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு நேரே கிட்டங்கி வாசலில் போய் நிற்க முடியாது. உயர்நீதிமன்றத்தில், எங்கள் ஜில்லாவுக்கு மதுரைக் கிளையில், மனுப் போட வேண்டும். அவார்டு என்கிற நடுவர் தீர்ப்பு, ஒப்பந்தம், இது வெளிநாட்டு அவார்டுதான் என்பதற்கு ஆதாரம், மூன்றையும் வைக்க வேண்டும். எதிராளி என்னென்ன காரணத்துக்காக மறுக்கலாம் என்று சட்டம் எண்ணி வைத்திருக்கிறது: எனக்கு நோட்டீஸ் வரவில்லை, என்னைப் பேச விடவில்லை, ஒப்பந்தத்தில் இல்லாததை நடுவர் தீர்த்தார் என்று போகிற பட்டியல் அது. கம்பெனி ஒன்று விடாமல் சொல்லிப் பார்த்தது. எல்லாம் தீர்ந்த பிறகு, இது இந்திய நாட்டின் பொதுக் கொள்கைக்கே விரோதம் என்றது. பூவைக் காய்ச்சுகிற மெஷினை ஓர் அம்மாளிடம் திருப்பிக் கொடுத்தால் இந்த நாட்டின் கொள்கைக்கு என்ன குறைந்துபோகும் என்று நீதிபதி கேட்டதாக செல்வராணியின் வக்கீல் எங்களிடம் வந்து சொல்லிச் சிரித்தார். அதோடு அந்த அவார்டு, நம் நீதிமன்றமே கொடுத்த தீர்ப்புக்குச் சமம் ஆகிவிட்டது. பொருள் இருக்கிற இடம் திண்டுக்கல் என்பதால், நிறைவேற்றுவதற்காக எங்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பினார்கள். இங்கே நிறைவேற்று மனு எண் பெற்று, எதிராளிக்கு நோட்டீஸ் போய், அவர் வராமல் இருந்து, கடைசியில் 'பொருளைக் கைப்பற்றி மனுதாரரிடம் ஒப்படைக்க' என்று வாரண்டு பிறந்தது.

சையது சார் அதை என் மேசையில் வைத்தார். தொண்ணூறு பக்க ஆங்கில அவார்டு, அதன் கடைசிப் பக்கத்தில் பொருள் பட்டியல், அதற்கு அலுவலகம் செய்த தமிழாக்கம். "எழுதிருங்க" என்றார்.

எழுதினேன். ஒன்றரைப் பக்கம். கை வலித்தது என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

எழுதிக்கொண்டிருந்தபோதே செல்வராணி வந்துவிட்டார். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

"என்னைக்குப் போறோம்மா?"

"புதன்கிழமை."

"இன்னைக்கே போனா ஆகாதா? பங்குனி பொறந்துருச்சும்மா. இன்னும் பத்து நாள்ல மல்லி கொட்டப் போகுது. ரெண்டு வருசமா அம்புட்டுப் பூவையும் குப்பைல கொட்டுறாங்க. என்னையப் பாத்தா, எப்ப ஆரம்பிப்பன்னு கேக்குறாங்க. எனக்கு மார்க்கெட் பக்கம் போகவே கூச்சமா இருக்கு."

"புதன் போனா பத்து நாளுக்கு முன்னாடிதான?"

"இந்தத் தடவையும் இல்லைன்னு ஆயிருச்சுன்னா ஆலை ஷெட்டைப் பூட்டிட்டுப் போயிருவேன்மா. டவுன்ல ஒரு கான்வென்ட்ல கெமிஸ்ட்ரி டீச்சர் கேட்டிருந்தாங்க. பேசியாச்சு. ஜூன்ல சேரச் சொல்லிட்டாங்க சிஸ்டர்."

அதைச் சொன்ன விதத்தில் வேலை கிடைத்த சந்தோஷம் எதுவும் இல்லை.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு வத்தலக்குண்டு ரோட்டில் இருந்த கிட்டங்கிக்குப் போனோம். நான், செல்வராணி, ஒரு லாரி, சங்கிலிக் கப்பி, அதைத் தொங்கவிடும் இரும்பு முக்காலி இவற்றோடு நாலு சுமைதூக்கும் ஆட்கள். ஏஜெண்டு தனபால் வாசலிலேயே நின்று வரவேற்றார். நெற்றியில் விபூதி, கையில் இரண்டு செல்போன். ஜப்திக்குப் போகிற வீட்டில் ஒருவர் சிரித்துக்கொண்டே வரவேற்றால் எனக்குச் சந்தேகம் வரும். அழுகிறவர்களை, திட்டுகிறவர்களைச் சமாளித்துவிடலாம். சிரிக்கிறவர் ஏதோ செய்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

"வாங்க மேடம், வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க. செத்த நேரம் உக்காருங்க, சர்பத் சொல்லட்டுமா?"

"வேண்டாங்க. மெஷின் எங்க இருக்கு?"

"உள்ளதான். தாராளமா எடுத்துக்கங்க." செல்வராணியைப் பார்த்துச் சொன்னார்: "எடுக்க முடிஞ்சா."

உள்ளே போனோம். ஆள் உயரத்துக்கு மேலே இருக்கிற எஃகுக் கலன், வெள்ளிக் குடம் மாதிரி பளபளவென்று, நான்கு கால் இரும்புத் தாங்கியின் மேல் நின்றது. தாங்கியின் கால்கள் முழங்கால் உயரத்துக்குப் புத்தம்புதிய சிமெண்டுத் தரைக்குள் புதைந்திருந்தன. மேலே ஈரச் சாக்கு. பக்கத்தில் ஒரு கொத்தனார் உட்கார்ந்து, பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டுவது போலச் சாக்கின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

தனபால் ஒரு கடிதத்தை நீட்டினார். அவருடைய வக்கீல் எழுதியது. நகல் மாவட்ட நீதிபதிக்கும் போயிருந்தது. சுருக்கம் இதுதான்: மெஷின் தரையோடு நிரந்தரமாகப் பதிக்கப்பட்டுவிட்டது. தரையோடு பதிந்தது அசையாச் சொத்து. அமீனாவின் வாரண்டு அசையும் பொருளை எடுப்பதற்கு. ஆகவே செல்லாது. தரையை உடைத்தால் அமீனாவே சொந்தப் பொறுப்பில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

"படிச்சவுங்க நீங்க. உங்களுக்குத் தெரியாததா?" என்றார்.

தெரியும். அதுதான் தொல்லை. சிமெண்டு பூசிய மாத்திரத்தில் மெஷின் நிலமாக மாறிவிடாது என்று எந்த நீதிபதியும் சொல்லிவிடுவார். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் நீதிபதி, அமீனா இல்லை. அமீனா ஆட்சேபத்தை எழுதிக்கொண்டு திரும்ப வேண்டும். அதன் மேல் ஒரு மனு, பதில் மனு, வாய்தா, வாதம், பிறகு மேலே ஒரு சீராய்வு. எல்லாம் முடிந்து செல்வராணி ஜெயிப்பார். அப்போது ஐப்பசி மழை பெய்துகொண்டிருக்கும். தனபாலுக்கு ஜெயிக்க வேண்டியதில்லை. இந்தச் சீசன் போனால் போதும். இரண்டு மூட்டை சிமெண்டில் இரண்டு நாட்டுச் சட்டத்தைக் கட்டிப்போட்டுவிட்டார். எனக்கே கொஞ்சம் மரியாதை வந்தது.

செல்வராணி கலனைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

வெளியே வந்து சையது சாருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"பதிஞ்சிருக்குன்னு நீங்க பாத்ததா, அவங்க சொன்னதா?"

"பாத்தேன் சார். முழங்கால் வரைக்கும் சிமெண்டு."

"எதோட முழங்கால்?"

"தாங்கியோடது."

"வாரண்டுல என்ன எழுதியிருக்கீங்க?"

"பட்டியல் இருக்கு சார்."

"வாசிங்க."

ரோட்டோரம் நின்று, பஸ் ஹாரனுக்கு மேல் கத்தி, என் கையெழுத்தை நானே வாசித்தேன். "ஒன்று. எஃகுக் கலன், மூடியுடன். இரண்டு. குளிர்விப்பான். மூன்று. துளைத் தட்டுகள், எட்டு. நான்கு. மோட்டாருடன் கூடிய பம்பு. ஐந்து. இவற்றை இணைக்கும் எஃகுக் குழாய்கள். மேற்கண்ட அனைத்தும்..." அடுத்த வரியில் என் நாக்கு நின்றுவிட்டது. "...இரும்புத் தாங்கி நீங்கலாக."

"ம்" என்றார் சையது சார். போனை வைத்துவிட்டார். அவருடைய கணக்கில் அது நீண்ட சொற்பொழிவு.

அந்த வரி எப்படி வந்தது என்பதைச் செல்வராணி பிறகு சொன்னார். மெஷின் ஐரோப்பாவிலிருந்து தாங்கி இல்லாமல்தான் வந்ததாம். தனபால் இங்கே வெல்டிங் பட்டறையில் சொல்லி ஒரு தாங்கி செய்து கொடுத்தார். சிங்கப்பூர் விசாரணையில் கம்பெனி எல்லா விஷயத்திலும் தோற்றது, இந்த ஒன்றைத் தவிர. தாங்கி எங்கள் ஏஜெண்டு செலவில் செய்தது, அதைக் கொடுக்க மாட்டோம் என்று இரண்டு மணி நேரம் வாதாடினார்களாம். நடுவருக்கும் அலுத்துப் போய், சரி, அது உங்களுக்கே என்று கடைசி வரியில் எழுதிவிட்டார். அவார்டு முழுவதிலும் கம்பெனி ஜெயித்த ஒரே இடம். அந்த வெற்றியைத்தான் தனபால் சிமெண்டு போட்டு நிரந்தரமாக்கி வைத்திருந்தார்.

உள்ளே திரும்பி வந்தேன்.

"ஏங்க தனபால், இந்த ஸ்டாண்டு யாரோடது?"

"என்னோடதுங்க. எங்காசுல வெல்டிங் போட்டது. சிங்கப்பூர்லயே ஒத்துக்கிட்டாங்க. எழுத்துல இருக்கு!" அவர் நெஞ்சு நிமிர்ந்தது.

"சிமெண்டு போட்டது எதுக்கு?"

"ஸ்டாண்டுக்குத்தான்."

"கொத்தனாரே, நீங்க சொல்லுங்க. வேற எதையாச்சும் சேத்துப் பூசியிருக்கீங்களா?"

கொத்தனாருக்கு அவமானமாகிவிட்டது. "வேற எதையும் தொடலம்மா. நாலு காலையும் நல்லாப் புடிச்சு நிப்பாட்டியிருக்கேன். ஆயுசுக்கும் அசையாது. வேணும்னா ஆட்டிப் பாருங்க."

"ஆட்ட வேணாம். உங்க வேலை மேல எனக்கு நம்பிக்கை இருக்கு" என்றேன். "தனபால், உங்க இடம், உங்க தரை, உங்க சிமெண்டு, உங்க ஸ்டாண்டு. நாங்க ஒண்ணையும் தொட மாட்டோம். அது மேல இருக்கிறதை மட்டும் கழட்டிக்கிறோம்."

கலனும் தாங்கியும் சேருகிற இடத்தில் பன்னிரண்டு போல்டுகள் இருந்தன. அதையும் வெல்டிங் வைத்துப் பற்றியிருந்தால் அன்றைக்கு நான் வெறுங்கையோடுதான் திரும்பியிருப்பேன். சிமெண்டே போதும் என்று அந்தச் செலவை மிச்சம் பிடித்திருக்கிறார்.

தனபால் முதலில் சிரித்தார். பிறகு வாரண்டை வாங்கிப் படித்தார். மறுபடியும் படித்தார். இரண்டு செல்போனையும் ஒரே நேரத்தில் காதில் வைத்தார். அதற்குள் லாரிக்காரர் சத்தம் போட்டுவிட்டார்: "ஏப்பு, அந்தப் பெரிய ஸ்பேனர எடு. முக்காலிய இங்கிட்டுப் போடு. செவுத்துல இடிச்சீங்க, கூலி கெடையாது!"

"மேடம், போல்டு என்னோடது!" என்றார் தனபால், போனில் யாரோ சொன்னதைக் கேட்டு.

பட்டியலில் போல்டு இல்லை. நியாயமான ஆட்சேபணை. பன்னிரண்டு போல்டு, பன்னிரண்டு நட்டு, இருபத்து நான்கு வாஷர். எண்ணி, ஒரு பையில் போட்டு, அவரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கினேன். என் பணிக்காலத்தில் இவ்வளவு மனநிறைவோடு நான் வேறெந்த ரசீதும் எழுதியதில்லை.

மற்ற பொருட்களைச் சரிபார்த்தோம். துளைத் தட்டுகள் ஏழுதான் இருந்தன. எட்டாவது எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. கிட்டங்கிக் காவலாளியின் மனைவி மட்டும் மாடிப் பக்கம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். மேலே ஏறினேன். பத்து லட்சம் பூக்களைத் தாங்க வேண்டிய ஐரோப்பிய எஃகுத் தட்டில் மோர் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது.

"அடிப்பக்கமும் காத்துப் போகும்மா. சீக்கிரமே காயுது" என்றார் அந்தப் பெண், பின்னாலேயே வந்து.

மிளகாயை ஒரு செய்தித்தாளில் கொட்டிக் கொடுத்தேன். அது ஜப்திக்கு உட்பட்டதல்ல. செல்வராணி தட்டை மோந்து பார்த்து, "அய்யய்யோ, இதை ஒம்போது தடவை கழுவணும்" என்றார். அன்று முதல் முறையாகச் சிரித்தார்.

எடுத்த பொருட்களை எழுதிப் பதிகிற மகஜருக்கு இரண்டு சாட்சி வேண்டும். லாரிக்காரர் ஒன்று. கிட்டங்கி ஆட்கள் ஒருவரும் முன்வரவில்லை. கொத்தனார்தான் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "நான் போடுறேன்மா. ஆனா ஸ்டாண்டுக்கு நான் போட்ட சிமெண்டு ஒரு கீறல்கூட விழாம இருந்துச்சுன்னு அதுல எழுதணும்." எழுதினேன். உண்மைதானே. நான் பார்த்தேன்.

கிட்டங்கி வாசலிலேயே செல்வராணி பொருட்களைப் பெற்றுக்கொண்டு ஒப்பமிட்டார். மறுநாள் அறிக்கையைக் கொடுத்தேன். சையது சார் கொத்தனார் வரி வரைக்கும் படித்தார். சிவப்புப் பென்சிலை எடுத்தார், வைத்தார். ஒரு கோடும் விழவில்லை. நீதிபதி மனுவை முடித்து வைத்தார். அந்த ஸ்டாண்டைக் கேட்டு இன்றுவரை யாரும் மனுப் போடவில்லை என்று கேள்விப்படுகிறேன்.

சட்டப்படி என் வேலை கிட்டங்கி வாசலோடு முடிந்தது. ஆனாலும் லாரியில் ஏறினேன். இது அறிக்கையில் இல்லை. அத்தனை வருடம் நான் சாமான்களை வீட்டைவிட்டு வெளியே எடுத்து வந்தவள். ஒரு சாமான் ஓரிடத்துக்குள்ளே போவதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் போலிருந்தது.

அகரத்தில் ஆலை வாசலில் இருபது பேர் கூடியிருந்தார்கள். பூ விவசாயிகள். யார் சொன்னார்களோ, லாரி தாடிக்கொம்பைத் தாண்டுவதற்குள் சேதி வந்து சேர்ந்திருந்தது. மெஷினைச் சோதித்து ஓட்ட இரண்டு நாளாவது ஆகும் என்று தெரிந்தும், ஒருவர் ஒரு சாக்கு மொட்டோடு வந்து நின்றார். கலனைப் பார்த்ததும் ஒரு பெண் குலவை போட்டார். நான் லாரியிலிருந்து இறங்கியதும், ஒரு பெரியவர் என்னைத் தாண்டிப் பார்த்து, "அமீனா வரலையா?" என்று கேட்டார். பதில் சொல்ல நேரமில்லை. அதற்குள் லாரிக்காரர் கத்தினார்: "ஏம்மா, இது எப்புடி உள்ள போகும்?"

கலன் ஐந்தடி அகலம். வாசல் மூன்றரை அடி.

செல்வராணி தலையில் கை வைத்தார். "மெஷின் போனதுக்கப்புறம் ஆடும் நாயுமா உள்ள வந்துச்சுன்னு முன்பக்கம் செவரு வச்சு அடைச்சேன்மா. மறந்தே போச்சு." பிறகு என்னிடம், முகத்தை அப்பாவி போல வைத்துக்கொண்டு, "அமீனாம்மா, செவத்த ஒடைக்கணும்னா கோர்ட்ல ஆர்டர் வாங்கணுமா?" என்றார்.

"உங்க செவரு, உங்க கடப்பாரை. நான் ஒண்ணும் பாக்கல" என்றேன்.

முதல் அடியை அவரே போட்டார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு வருடக் கோபத்தையும் சேர்த்துப் போட்ட அடி. செங்கல் பெயர்ந்தது. அதற்குப் பிறகு கடப்பாரை அவர் கையில் நிற்கவில்லை. ஆளாளுக்கு வாங்கி இடித்தார்கள். "மெதுவா, மெதுவா, கூரை விழுந்துரும்டா!" என்று ஒருவர், "விழுந்தா விழட்டும், மல்லிக்கு வெயில் ஆகாதா?" என்று இன்னொருவர். பெரியவர்கள் செங்கலை அடுக்கினார்கள், பெண்கள் புழுதியை முந்தானையால் விசிறினார்கள். மொட்டுச் சாக்கைக் கொண்டு வந்தவர் சாக்கை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய் இடிக்கிறவர்களோடு சேர்ந்துகொண்டார். அரசு ஊழியர் பரிசுப் பொருள் வாங்கக் கூடாது. வைத்துக்கொள்ளச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். நின்றேன்.

செல்வராணி அந்த ரகளைக்கு நடுவே போனை எடுத்தார். கையெல்லாம் செங்கல் தூள் என்பதால், விரல் முட்டியால் தட்டி, ஸ்பீக்கரில் போட்டு, ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டுக் குனிந்து பேசினார்.

"சிஸ்டர், நான் செல்வராணி பேசுறேன். கெமிஸ்ட்ரிக்கு வேற ஆளப் பாத்துக்கங்க சிஸ்டர். ஜூன்ல நான் வரல."

"ஏம்மா, என்னாச்சு? சரியாக் கேக்கல. அங்க என்ன அம்புட்டுச் சத்தம்?"

செல்வராணி நிமிர்ந்து பார்த்தார். கடைசித் துண்டும் விழுந்து, லாரி பின்பக்கமாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

"செவத்த இடிச்சுக்கிட்டு இருக்கோம் சிஸ்டர்!" என்று கத்தினார்.